இறங்க வேண்டிய இடம்

‘என் கண்மணி’ பாட்டை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. அப்பாவின் டேப் ரிக்கார்டரில், கரூர் மினி பஸ்ஸில், கல்யாண மண்டப வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் என்று சின்ன வயசிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த பாட்டு. அவ்வளவு கேட்டும், அந்தப் பாட்டுக்குள் ஒரு பஸ் கண்டக்டர் இருக்கிறார் என்பது எனக்கு 2003-ல்தான் தெரிந்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. இளையராஜா பாட்டுகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே இருந்த ஒரு மடலாடற்குழுவில் ஒருவர் ஒற்றை வரி போட்டிருந்தார்: “கண்டக்டர் எந்த ஸ்டாப்ல இறங்கச் சொல்றார்னு யாராவது கவனிச்சிருக்கீங்களா?”

அப்போது நான் திருச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர், பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே எட்டு கம்ப்யூட்டர், சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு மணி நேரம். அந்த வரியைப் படித்ததும் மீதி நேரத்தை விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஹாஸ்டலில் அறைத்தோழியின் வாக்மேனைக் கடன் வாங்கி, கடையில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்து வைத்திருந்த கேசட்டைப் போட்டு, இயர்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து கேட்டேன். இருந்தார். ‘தேனாம்பேட்டை சூப்பர் மார்க்கெட் இறங்கு’ என்று ஒரு குரல். சில நொடிதான். பாட்டு மறுபடி தன் பாட்டில் போய்விடுகிறது.

அந்த ராத்திரி எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இருபது வருஷமாக இருந்த வீட்டில் ஒரு அறையைப் புதிதாகப் பார்த்த மாதிரி இருந்தது. அடுத்த சனிக்கிழமை வரை காத்திருந்து, குழுவில் என் முதல் மடலை எழுதினேன். “தேனாம்பேட்டை” என்று மட்டும். அதற்கு வந்த பதில்களில் ஒன்று இப்படித் தொடங்கியது: “வாங்க தங்கச்சி. ஏறியாச்சு இல்ல, இனி இறங்க முடியாது.”

எழுதியவர் தபால் துறையில் வேலை பார்த்தவர். ராமநாதபுரத்துக்காரர், வேலை கும்பகோணத்தில். எல்லோரும் அவரைத் ‘தபால் சார்’ என்றுதான் கூப்பிடுவோம். கண்டக்டர் என்பது வெறும் ஆரம்பம் என்று அவர்தான் சொன்னார். சிட்டுக்குருவி படம், 1978. வாலி எழுதியது, எஸ்.பி.பாலசுப்ரமணியமும் பி.சுசீலாவும் பாடியது. பஸ்ஸுக்குள் நடக்கிற பாட்டு. அதில் ஒரே ஆள் இரண்டு குரலில் பாடுகிறார். வாய் பாடுவது ஒன்று, மனசு பாடுவது ஒன்று. முதல் குரல் விட்ட இடத்தில் இரண்டாவது குரல் புகுந்து பாடுகிறது. தபால் சார் எழுதியதை நான் ஒரு நோட்டில் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்: “ரெண்டு பேர் தனித்தனியாப் பேசிக்கிட்டே நடந்து போறாங்க. ஒருத்தர் பேச்சை மட்டும் கேட்டாலும் அர்த்தம் இருக்கு. இன்னொருத்தர் பேச்சை மட்டும் கேட்டாலும் அர்த்தம் இருக்கு. ரெண்டையும் சேர்த்துக் கேட்டா மூணாவதா ஒரு பேச்சு வருது.” கவுன்ட்டர்பாயின்ட் என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகுதான் சொன்னார். சொல்லை முதலில் சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன். அந்தப் பாட்டில் ‘ஜோக்’ என்ற சொல்லும் வரும் என்பதை இன்னொருவர் கவனித்துச் சொன்னார். காமெடியும் பாட்டும் எழுத்தும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்திருக்கின்றன என்று அவர் எழுதியது எனக்கு மறக்கவே இல்லை. ஏனென்றால் அந்தக் குழுவும் அப்படித்தான் ஆகிப்போயிருந்தது. ராஜா பாட்டுக்கென்று ஆரம்பித்தது, ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கவுண்டமணியையும் கிரேஸி மோகனையும் சுஜாதாவையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அங்கே தமிழில் எழுதுவதே அப்போது ஒரு பெரிய வேலை. பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள். மீதிப் பேர் திஸ்கி, யூனிகோடுக்கு முந்திய தமிழ்க் குறியாக்கம். திஸ்கி எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் மடலைத் திறந்தால் தலையில் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். நான் ஒரு பிளாப்பியில் எழுத்துருவையும், தமிழில் அடிப்பதற்கான முரசு அஞ்சல் மென்பொருளையும் வைத்துக்கொண்டு போய், ஒவ்வொரு வாரமும் நிறுவுவேன். சென்டர்காரர் வாரக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் அதற்கே போகும். அப்புறம் இ-கலப்பை வந்தது, யூனிகோட் பரவியது, எல்லாம் சுலபமானது. ஆனாலும் முதல் முதலாக ஒரு கம்ப்யூட்டர் திரையில் ‘ராஜா’ என்று நானே தமிழில் அடித்துப் பார்த்த நிமிடம் இருக்கிறதே, அந்த மாதிரி ஒன்று பிறகு வரவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ரசிகர்கள் என்றால் கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்கள், இணையத்தில் கெட்ட வார்த்தையில் அடித்துக்கொள்கிறவர்கள் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கூட்டமும் உண்டுதான். ஆனால் எனக்குக் காது கொடுத்தவர்கள் ரசிகர்கள். எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் பாட்டு கேட்கச் சொல்லித் தரவில்லை. முகம் தெரியாத ஆட்கள், வேலை முடித்து வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்கப் பண்ணிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து “ரெண்டாவது இன்டர்லூட்ல வயலின் நின்ன பிறகு பேஸ் என்ன பண்ணுதுன்னு கேளுங்க” என்று எழுதினார்கள். யாருக்கும் காசு கிடையாது, பேர் கிடையாது. தான் கேட்டதை இன்னொருவரும் கேட்க வேண்டும் என்கிற தவிப்பு மட்டும்தான்.

டொரண்டோவில் ஒரு அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து போனவர். தபால் சாருக்கும் அவருக்கும் இலங்கை வானொலி பொது. இவர் ராமநாதபுரத்துக் கரையில் இருந்து கேட்டிருக்கிறார், அவர் அந்தக் கரையில் இருந்து கேட்டிருக்கிறார். அதில் வந்த ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்போம். பி.எச்.அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ மாதிரியே, முந்தின மடலின் கடைசி எழுத்தில் அடுத்த மடலின் பாட்டு தொடங்க வேண்டும் என்று இரண்டு பேரும் மூன்று நாள் விளையாடியது நினைவிருக்கிறது. மட்டுறுத்துநர் வந்து போதும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா எழுதுகிற தமிழ் எனக்குப் பாட்டு மாதிரி இருக்கும். “தங்கச்சி, உந்தப் பாட்டை ஒருக்கா இருட்டில இருந்து கேளும்.” நான் ஹாஸ்டலில் லைட்டை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

காமெடிக்கு வருகிறேன். ஜோக்கை விளக்கினால் ஜோக் செத்துவிடும் என்று சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. கரகாட்டக்காரன் வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் வந்த படம், அந்த நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ.வீரப்பன். ரெண்டு பழம் வாங்கி வரச் சொல்லிக் காசு கொடுக்கிறார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். ஒண்ணு இங்கே இருக்கு, இன்னொண்ணு எங்கே என்று கேட்டால், அந்த இன்னொண்ணுதான் இது என்கிறார். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொன்னால் ஒரு குழந்தைக்குக் கூடச் சிரிப்பு வராமல் போகலாம். ஆனால் காட்சியைப் பார்க்கிற யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது. ஏன்?

ஒரே தலைப்பில் மடல்மேல் மடலாக ஓடுவதை இழை என்போம், அப்படி ஒரு இழை முழுக்க இதைப் பேசினோம். ஒருவர் தர்க்கம் என்றார். செந்தில் சொல்வதில் தப்பே கிடையாது, அவர் கையில் இருப்பது ஒரு கணக்கில் ‘இன்னொண்ணு’தான் என்றார். இன்னொருவர் அடியும் உதையும்தான் காரணம் என்றார். அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், தாத்தா காலம் வரை மேளக்காரக் குடும்பம், அவர் எழுதினார்: “கண்ணை மூடிக்கிட்டு அந்தக் காட்சியைக் கேளுங்க. கவுண்டர் குரல் ஒவ்வொரு தடவையும் மேல போகுது. செந்தில் குரல் எத்தனை தடவை கேட்டாலும் அதே இடம், அதே இழுவை. இவர் நாதஸ்வரம், அவர் பக்கத்துல ஒரே சுருதியை விடாம ஊதுற ஒத்து. ஒத்து அசையாம நின்னாத்தான் நாதஸ்வரம் எவ்வளவு தூரம் போச்சுன்னு நமக்குத் தெரியும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கு முதல் நான் அந்தக் காட்சியை எப்போது பார்த்தாலும் காதால்தான் பார்க்கிறேன். முன்பைவிட அதிகமாகச் சிரிக்கிறேன். செந்திலை அதுவரை அடி வாங்குகிற ஆளாக மட்டும் பார்த்திருந்தேன். சுருதி சுத்தமாக நிற்கிற ஆள் என்று தெரிந்த பிறகு அவர்மேல் ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. ஒத்து ஊதுவது என்பதை நாம் வசவாகவே வைத்திருக்கிறோம். அந்தச் சுருதி இல்லாமல் கச்சேரியே இல்லை.

கிரேஸி மோகன் விஷயம் வேறு. அவர் வசனத்தில் சிரிப்பு நிற்பதற்குள் அடுத்தது வந்துவிடும். தியேட்டரில் பார்க்கும்போது முன் வரிசை சிரிப்புச் சத்தத்தில் பின் வசனம் முழுகிப்போகும். 1990-ல் வந்த மைக்கேல் மதன காம ராஜனை அதனால்தான் எல்லோரும் டிவியில் பத்துத் தடவை பார்த்தோம், அப்படியும் மிச்சம் இருந்தது. குழுவில் ‘விட்டுப்போன வசனம்’ என்று ஒரு இழை வருஷக்கணக்கில் ஓடியது. இந்தத் தடவை பார்க்கும்போது புதிதாகக் காதில் விழுந்ததை மட்டும் அதில் போட வேண்டும். கடைசியில் மலை விளிம்பில் வீடு ஆடுகிற கட்டம் ஒன்றுக்கே எங்களிடம் ஒரு பெரிய பட்டியல் இருந்தது. வீடு ஒரு பக்கம் சாயும்போது எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுகிறார்களே, அந்தக் களேபரத்தில் யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்து எடுக்க ஒருவர் வீடியோவை நிறுத்தி நிறுத்தி எழுதினார். மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். அந்த வசனங்களைப் பிரித்துப் பார்த்தால் அது தெரியும், ஒரு பல் சக்கரம் அடுத்த பல் சக்கரத்தைத் தள்ளுவது போல ஒரு சொல்லின் கடைசி அர்த்தம் அடுத்த ஆளின் முதல் சொல்லைத் தள்ளிவிடும். பொறியியல் படிக்கப் பிடிக்காமல் படித்துக்கொண்டிருந்த எனக்கு இந்தத் தகவல் பெரிய ஆறுதலாக இருந்தது.

மோகன் வசனம் எழுதிய அபூர்வ சகோதரர்களிலும் அவ்வை சண்முகியிலும் வசூல்ராஜாவிலும் கதாநாயகி பேர் ஜானகி என்பதையும், அது அவரைப் பள்ளியில் மேடையேற்றிய டீச்சரின் பேர் என்பதையும் குழுவில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஆள் தன் டீச்சருக்கு இப்படி நன்றி சொல்ல முடியுமா! படம் படமாக, கதாநாயகி கதாநாயகியாக. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

டொரண்டோ அக்கா ‘விட்டுப்போன வசனம்’ இழையில் ஒரே ஒரு தடவைதான் எழுதினார். ஊரை விட்டுப் போன புதிதில், ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருந்ததாம். யாரும் யாரோடும் அதிகம் பேச மாட்டார்களாம். யாரோ ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், மைக்கேல் மதன காம ராஜன்தான். “பாலக்காட்டுச் சமையல்காரர் கதைக்கத் தொடங்க எங்கட அம்மா சிரிச்சவா. ரெண்டு வருசத்துக்குப் பிறகு அம்மா சிரிச்ச சத்தம் கேட்டன். அதுக்குப் பிறகு படத்தில என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது, நான் அம்மாவைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்.” யாரும் இதற்குப் பதில் எழுதவில்லை. எழுத முடியவில்லை. இரண்டு நாள் கழித்து யாரோ விட்டுப்போன வசனம் ஒன்றைப் போட்டு இழையை மறுபடி நகர்த்தினார்கள்.

சண்டைகளும் இருந்தன. நல்ல சண்டை, கெட்ட சண்டை இரண்டும். நல்ல சண்டைக்கு ஒன்று சொல்கிறேன். 1985-ல் வந்த சிந்து பைரவி. சித்ரா பாடிய ‘பாடறியேன்’ நாட்டுப்புற மெட்டில் தொடங்கி, மேலே ஏறி, ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய் நிற்கும். சித்ராவுக்கும் ராஜாவுக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருவர் குழுவில் இருந்தார், அவருக்கு இந்தப் பாட்டின் மேல் ஆறாத கோபம். தியாகராஜர் அந்தக் கீர்த்தனையைக் காம்போதி ராகத்தில் அமைத்தார், அதைச் சாரமதி ராகத்துக்கு மாற்ற இவருக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். படம் வந்தபோதே சங்கீத உலகத்தில் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

நாற்பது மடலுக்கு மேல் போனது. முதல் பத்து மடல் சூடு. அப்புறம் தபால் சார் நிதானமாக ஒன்று எழுதினார். பாட்டு முழுக்கவே சாரமதிதான், அந்த நாட்டுப்புற மெட்டும் சேர்த்து. வயலில் பாடுகிற மெட்டும் சபாவில் பாடுகிற கீர்த்தனையும் ஒரே சுரங்களில் நிற்கும் என்று காட்டுவதுதான் அந்தக் காட்சியின் உயிர். மேலே போன பிறகு ராகத்தை மாற்றினால் பாலம் உடைந்துவிடும், அதனால் கீர்த்தனையைத்தான் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டியிருந்தது. இதுதான் அவர் வாதம். டீச்சர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சாரமதி என்றால் என்னவென்று தெரிய வேண்டுமானால் முதலில் ‘மோக்ஷமு கலதா’ கேட்டுவிட்டு வந்து பேசுங்கள் என்றார். நாங்கள் பதினைந்து பேர் போய்க் கேட்டோம். கர்நாடக சங்கீதம் என்றால் எழுந்து போய்விடுகிற வீட்டில் வளர்ந்த நான், ஒரு சினிமாப் பாட்டுச் சண்டைக்காகத் தியாகராஜர் கீர்த்தனையை முதல் முதலாக முழுசாக உட்கார்ந்து கேட்டேன். டீச்சரின் கடைசி மடல் இதுதான்: “எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. ஆனா நேத்து கிளாஸ்ல ஒரு பொண்ணுக்குச் சாரமதி பிடிபடவே இல்லை. பாடறியேன் பாடிக் காட்டினேன். பிடிச்சுண்டுட்டா.”

கெட்ட சண்டை என்றால் ராஜாவா ரஹ்மானாதான், வேறென்ன. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. ரோஜாவுக்கு முன்னால் அதே ரஹ்மான் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவர்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள், நாம் ஏன் ஒரே குழுவில் உட்கார முடியாது என்று ஒருவர் கேட்டதற்கு, அவரையே துரோகி என்றார்கள். அவர் போய்விட்டார். அவரோடு இன்னும் நான்கைந்து பேர். அவர்கள்தான் எங்களுக்குச் சிந்தசைசர், சீக்வென்சர் பற்றியெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தவர்கள். அந்த இழப்பு இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. ஒரு பாட்டில் எந்த இடம் என்று சுட்டாமல், ஆளைச் சுட்டிப் பேச ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு குழு வற்றத் தொடங்கிவிடும். நான் இருந்த எல்லாக் குழுக்களிலும் இதைப் பார்த்துவிட்டேன்.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நான் இன்று எழுதுவதே அங்கே கற்றது. குழுவில் முக்கால்வாசிப் பேர் சுஜாதா வாசகர்கள். ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், மனைவி பெயரில் எழுதியவர், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர், வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு உள்ளவர். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பேசியது வேறு. படியில் இறங்குவதை எழுதும்போது ‘இறங்கினான்’ என்ற சொல்லையே எழுத்து எழுத்தாகப் பிரித்துப் படிக்கட்டு மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தாரே, அது விளையாட்டா, எழுத்தா? இதற்கு ஒரு வாரம். நான் எழுத்து என்று நின்றேன். கண்ணும் சேர்ந்து இறங்குகிறது இல்லையா? வாசிக்கிற வேகத்தையே ஒரு சொல்லால் பிடித்து நிறுத்துகிறார். எனக்கு அது கண்டக்டர் குரல் மாதிரிதான் பட்டது. பாட்டு பாட்டாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று நாம் நிற்கிற இடத்தைக் காட்டிவிடுகிறது. என் வாதத்தை நிரூபிக்க அதே மாதிரி ஒரு மடல் அடித்து அனுப்பினேன். திஸ்கியில் வரிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தன. தபால் சார் அதைப் பிரித்துச் சரிசெய்து மறுபடி அனுப்பினார். “படியை நான் கட்டிட்டேன், இப்ப இறங்குங்க” என்று.

மெக்சிகோ சலவைக்காரி ஜோக் இன்னொரு தீராத விஷயம். சுஜாதாவின் கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைகளில் வசந்த் அந்த ஜோக்கைச் சொல்ல ஆரம்பிப்பான். சொல்ல விட மாட்டார்கள். பல கதைகளில் வரும், முழுசாக வராது. அந்த ஜோக் என்னவாக இருக்கும் என்று குழுவில் ஆளாளுக்கு எழுதிப் பார்த்தார்கள். சில நன்றாக இருந்தன, பல அச்சில் ஏற்ற முடியாதவை. எல்லாவற்றையும் படித்த பிறகு எங்களுக்கே தெரிந்துவிட்டது, எதுவும் அது இல்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் எதை வைத்தாலும் சின்னதாகத்தான் இருந்தது. கதை எழுதுவது எப்படி என்று எத்தனையோ புத்தகம் பிறகு படித்தேன். இதை ஒருவரும் இவ்வளவு நன்றாக எனக்குப் புரிய வைக்கவில்லை.

2008 பிப்ரவரி 27. சுஜாதா இறந்த செய்தி ராத்திரி வந்தது. அப்போது நான் சென்னையில் வேலையில் இருந்தேன், வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர். விடிய விடிய மடல்கள். அவரவர் முதலில் படித்த கதை, எங்கே உட்கார்ந்து படித்தோம், யாரிடம் இரவல் வாங்கினோம், எந்த வாடகை நூலகத்தில் கடைசிப் பக்கம் கிழிந்திருந்தது என்று. தபால் சார் ஒரே வரி எழுதினார்: “இனி அந்த ஜோக்கை யார் சொல்லப் போறாங்க?” அதைப் படித்துவிட்டுத்தான் நான் அழுதேன்.

அதற்குப் பிறகு குழு மெல்ல மெல்லக் குறைந்தது. வலைப்பதிவுக்குப் போனார்கள், ஃபேஸ்புக்குக்குப் போனார்கள், வாட்ஸ்ஆப் வந்தது. நானும் போனேன். குறை சொல்ல மாட்டேன், அங்கேயும் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். 2019 மே மாதக் கடைசியில் நேசமணி வந்ததே, அந்த மூன்று நாளை மறக்க முடியுமா? பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட, பொறியாளர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்கிறார்கள். நம் ஆள் ஒருவர் பெயரைச் சொல்லி, இதுதான் ஜமீன் அரண்மனையில் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்தது என்று எழுதுகிறார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்பது உலகம் முழுக்க டிரெண்ட் ஆகிறது. ஆபீஸில் புனேக்காரப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, உங்கள் ஊர்த் தலைவர் யாருக்கோ அடிபட்டுவிட்டதா, இப்போது எப்படி இருக்கிறார் என்று உண்மையான கவலையோடு கேட்டாள். 2001-ல் வந்த ஒரு படத்தில் வடிவேலு தலையில் விழுந்த சுத்தியல். பதினெட்டு வருஷம் கழித்தும் ஒரு தமிழர் இன்னொரு தமிழருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

ஆனால் நான்காம் நாள் அது இல்லை. யாரும் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசவில்லை. அடி விழுந்ததும் வடிவேலு உடனே கத்தாமல் ஒரு கணம் அப்படியே நிற்பாரே, அந்த ஒரு கணத்தைப் பற்றி எங்கள் பழைய குழுவாக இருந்தால் இரண்டு வாரம் பேசியிருப்போம். நான் எழுதிப் பார்த்தேன். நாலு சிரிப்பு முகம் வந்தது, அடுத்த படம் வந்தது, மேலே போய்விட்டது.

அது முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில், ஜூன் 10, கிரேஸி மோகன் போய்விட்டார். அறுபத்தாறு வயசு. எனக்கு முதலில் தோன்றியது ‘விட்டுப்போன வசனம்’ இழையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான். போனேன், படித்தேன், சிரித்தேன், டொரண்டோ அக்காவின் அம்மா சிரித்த இடத்தில் நின்றேன். அந்த வருஷக் கடைசியில், எங்கள் குழுவுக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் பழைய மடல்களை எல்லாம் அழிக்கப் போவதாக அறிவித்தது. எடுக்க முடிந்ததை நான் எடுத்தேன். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக ஒவ்வொன்றாகத் திறந்து, நகலெடுத்து, ஒரு கோப்பில் ஒட்டினேன். திஸ்கி மடல்களை மாற்ற ஒரு கருவி தேவைப்பட்டது, அதிலும் பாதி எழுத்து உடைந்தே வந்தது. சாரமதிச் சண்டை கிடைத்தது. வாழைப்பழம் பாதி கிடைத்தது. பாட்டுக்குப் பாட்டு போய்விட்டது. எத்தனை ஆயிரம் ராத்திரிகளின் பேச்சு அது. அச்சில் வராததால் அது எழுத்து இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்த வருஷம் செப்டம்பர் 25-ம் தேதி எஸ்.பி.பாலசுப்ரமணியம், எங்கள் பாலு சார், போன அன்று, எல்லா வாட்ஸ்ஆப் குழுவிலும் ஒரே படம், ஒரே மெழுகுவத்தி. நான் அந்தக் கோப்பைத் திறந்து தபால் சார் ‘என் கண்மணி’க்கு எழுதியதைப் படித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். ஒரே மனுஷன், இரண்டு குரல். கண்டக்டர் வந்தார். இறங்கு என்றார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கோப்பில் பதில் வராத ஒரு கேள்வி இருந்தது. குழு வற்றிக்கொண்டிருந்த காலத்தில் டொரண்டோ அக்கா கேட்டது. அதே சிந்து பைரவியில் யேசுதாஸ் பாடிய ‘கலைவாணியே’. கல்யாணி ராகம், ஆனால் பாட்டு முழுக்க ஆரோகணம், அதாவது சுரங்களின் ஏறு வரிசை மட்டும்தான், இறங்கு வரிசை கிடையாது என்று தபால் சார் எழுதியிருந்தார். அதற்கு அக்கா: “ஏறிக்கொண்டே போனால் பிறகு எப்பிடிக் கீழ வாறது? அடுத்த வரி கீழ இருந்துதானே தொடங்குது. அதுவும் இறங்கிறதுதானே? ஆராவது சொல்லுங்கோ.” யாரும் சொல்லவில்லை.

எனக்கும் விடை தெரியாது. போன மாதம் மகளுக்குப் பாட்டு கிளாஸுக்காக வாங்கிய சின்ன கீபோர்டை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஒவ்வொரு அடியாக நிறுத்தி, சுரத்தைத் தேடித் தேடி அழுத்திப் பார்த்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. அப்புறம்தான் பிடிபட்டது. ஒவ்வொரு அடியும் ஏறி, போக வேண்டிய உயரத்தில் போய் நின்றுவிடுகிறது. அடுத்த அடி கீழே புதிதாகத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் படியே இல்லை. மூச்சுதான் இருக்கிறது. இறங்கினால்தானே அவரோகணம், இங்கே யாரும் இறங்கவில்லை, மறுபடி ஏற வந்து நிற்கிறார்கள்.

அக்காவின் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினேன். வேலை செய்யுமா என்றுகூடத் தெரியாது. மூன்றாம் நாள் பதில் வந்தது.

“தங்கச்சி, சுகமா? நான் இதைக் கேட்டதையே மறந்துபோனன். நீர் சொன்னபடி இருட்டில இருந்து கேட்டன், சரியாத்தான் இருக்கு. ஆனா ஒண்டு. சரணம் முடிஞ்சு பல்லவிக்கு வாற இடத்தில யேசுதாஸ் ஒரு சின்ன அசைவு குடுக்கிறார், அது ஏறுதா இறங்குதா? ஒருக்காக் கேட்டுப் பாத்துச் சொல்லும்.”

கீபோர்டு இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி மகள் தூங்கிய பிறகு கேட்க வேண்டும்.